குறுஞ்சிறகுப் புதர் வெட்டுக்கிளிகள்: பீசிலிமோன் பேரினத்தை அடையாளம் காண்பதும் வகைப்படுத்துவதும்

கிரேக்கத்தின் தெசலிப் பகுதியில் ஜூன் மாதம் மலைச்சரிவுப் புல்வெளி ஒன்றில் எடுத்த, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமான இரண்டு பூச்சிகளின் படங்களை வைத்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: முதுகில் செதில் அளவுக்கே சிறகு இருக்கும் இந்தப் பச்சைப் பூச்சிகள் இன்னும் முதிராத இளம்பூச்சிகளா, இவை ஐசோஃபியா, பீசிலிமோன் என்ற இரு பேரினங்களில் எதைச் சேர்ந்தவை, சிற்றினப் பெயரைச் சொல்ல முடியுமா என்பவை அவை. முதல் இரண்டுக்கும் படங்களிலேயே விடை இருக்கிறது. இரண்டும் முதிர்ந்த பூச்சிகள். இரண்டும் பீசிலிமோன் பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்றாவது கேள்விக்கு ஆணின் படத்தைக் கொண்டு ஓரளவு நெருங்கலாம். பெண்ணின் படத்தை மட்டும் வைத்து யார் எந்தச் சிற்றினப் பெயரைச் சொன்னாலும் அதை ஊகமாகவே கொள்ளுங்கள். இந்தப் பேரினத்தில் தவறான பெயர்கள் பெருகுவதற்கு முக்கியக் காரணம், பார்க்க வேண்டிய உறுப்புகளை விட்டுவிட்டு நிறத்தையும் கோடுகளையும் பார்த்து முடிவு செய்வதுதான் என்பதால், எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உடலைவிட நீளமான, நூல்போல் மெல்லிய உணர்கொம்புகளைக் கொண்ட டெட்டிகோனிடே குடும்பத்துப் பூச்சிகளைத்தான் இங்கே புதர் வெட்டுக்கிளிகள் என்கிறேன். அக்குடும்பத்தில் ஃபெனரோப்டெரினே என்பது பெரியதொரு துணைக்குடும்பம். அதைத் தனிக் குடும்பமாகவே உயர்த்தி எழுதும் ஆய்வாளர்களும் உண்டு. நம் ஊரில் மழைக்கால இரவுகளில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வரும், சிறகு இலைபோலவே இருக்கும் பச்சை வெட்டுக்கிளிகளில் பலவும் இத்துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அதே துணைக்குடும்பத்தில், மேற்கு ஆசியாவையும் தென்கிழக்கு ஐரோப்பாவையும் மையமாகக் கொண்ட பார்பிட்டிஸ்டினி என்ற குலம் மட்டும் பறப்பதை அறவே கைவிட்டுவிட்டது. பீசிலிமோன், ஐசோஃபியா, பார்பிட்டிஸ்டிஸ், லெப்டோஃபைஸ், பாலிசார்க்கஸ் ஆகியவை அக்குலத்தின் நன்கு அறியப்பட்ட பேரினங்கள்.

சிறகு குறுகியிருப்பதை மட்டும் கொண்டு இக்குலத்தை அடைந்துவிட முடியாது. அதே மலைச்சரிவுகளில் ஃபோலிடோப்டெரா, யூஃபோலிடோப்டெரா போன்ற குறுஞ்சிறகு வெட்டுக்கிளிகளும் வாழ்கின்றன. அவை டெட்டிகோனினே என்ற வேறு துணைக்குடும்பம். அவற்றிலிருந்து பிரித்தறிய முன்காலைப் பார்ப்பது எளிது. முன்கால் கணுக்குச்சியின் மேற்பகுதியில், முழங்காலுக்குச் சற்றே கீழே, செவிப்பறை இருக்கும். ஃபெனரோப்டெரினேயில் அது இருபுறமும் திறந்த நீள்வட்டமாகத் தெரியும். டெட்டிகோனினேயில் அதன் மேல் மூடி வளர்ந்து ஒரு கீற்று மட்டுமே வெளியே தெரியும். உங்கள் ஆணின் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இடது முன்காலில் அந்தத் திறந்த நீள்வட்டம் தெளிவாகவே தெரிகிறது. பெண்ணின் முட்டையிடும் உறுப்பும் உதவும்: ஃபெனரோப்டெரினேயில் அது பக்கவாட்டில் தட்டையாகி, அரிவாள்போல் மேல்நோக்கி வளைந்து, நுனியருகே பற்களுடன் இருக்கும்.

இனி இளம்பூச்சியா என்ற ஐயம். நீண்ட சிறகுள்ள வெட்டுக்கிளிகளோடு பழகிய கண்ணுக்கு இந்த ஐயம் வருவது இயல்பே. இளம்பூச்சியில் சிறகு என்பது அசையாத மொட்டு. கடைசிப் பருவங்களில் பின்சிறகு மொட்டு முன்சிறகு மொட்டின் மேல் கிடக்கும். முதிர்ந்த பீசிலிமோன் ஆணில் முன்சிறகுகள் எவ்வளவு குட்டையாக இருந்தாலும், இடது சிறகு வலது சிறகின் மேல் படிந்திருக்கும். அந்த இடது சிறகின் குறுக்கே தடித்த நரம்பு ஒன்று ஓடும். பறப்பதற்குப் பயன்படாத இச்சிறகு மறைந்துபோகாமல் எஞ்சியிருப்பதே அந்த நரம்புக்காகத்தான், ஏனெனில் அதன் அடிப்புறத்தில்தான் ஒலி எழுப்பும் பல்வரிசை இருக்கிறது. உங்கள் படத்தில் முன்மார்புத் தகட்டின் (தலைக்குப் பின்னே முதுகின் முன்பகுதியை மூடும் தகடு) பின்விளிம்புக்கு அடியிலிருந்து மஞ்சளும் பழுப்புமாக எட்டிப்பார்ப்பது அந்தச் சிறகே. பெண்ணில் சிறகு தெரியாதபோது முட்டையிடும் உறுப்பைக் கவனிக்க வேண்டும்: இளம்பூச்சியில் அது குட்டையாகவும் மென்மையாகவும் பற்கள் இல்லாமலும் இருக்கும், உங்கள் பெண்ணில் அது முழு நீளத்துக்கு வளர்ந்து, நுனி இறுகி, பற்கள் கறுத்திருக்கின்றன.

பேரினத்துக்கு வருவோம். குழப்பம் தருவது பெரும்பாலும் ஐசோஃபியாவும் பீசிலிமோனும்தான். மற்றவற்றை விரைவில் ஒதுக்கிவிடலாம். பாலிசார்க்கஸ் பருத்து நீண்ட பூச்சி. அதன் உணர்கொம்புகள் அதன் உடலளவுக்குக் குட்டையாகத் தெரியும். லெப்டோஃபைஸ் மெலிந்த சிறு பூச்சி. உடல் முழுவதும் நுண்புள்ளிகள் தூவியிருக்கும். பார்பிட்டிஸ்டிஸ் ஆண்களின் செர்கஸ்கள் இரட்டை வளைவு கொண்டவை. பெண்களின் முட்டையிடும் உறுப்பில் பற்கள் கரடுமுரடாக இருக்கும். செர்கஸ் என்பது வயிற்றின் நுனியில் பக்கத்துக்கு ஒன்றாக நீளும் கொம்பு. கலவியின்போது ஆண் பெண்ணைக் கவ்விப் பிடிக்க உதவுவது. இந்தச் சொல் இனிப் பலமுறை வரும்.

ஐசோஃபியாவில் முன்மார்புத் தகடு ஏறத்தாழ ஒரே மட்டமாகச் சென்று முடியும். ஆணின் சிறகுகள் அதைத் தாண்டி வயிற்றின் முதல் சில வளையங்கள்வரை திறந்தவெளியில் கிடக்கும். பெண்ணின் சிறகுகளும் சிறிதாயினும் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மேலிருந்து பார்த்தாலே தெரியும். பீசிலிமோனில் ஆணின் சிறகின் பெரும்பகுதி தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதற்கு இடம் விடுவதுபோல் தகட்டின் பின்பகுதி பல சிற்றினங்களில் சற்று மேலெழும்பி இருக்கும். தென்மேற்குத் துருக்கியில் வாழும் பீசிலிமோன் இன்ஃப்ளேட்டஸ் ஆணில் இந்தப் பின்பகுதி ஊதிப் புடைத்தே காணப்படும். பெண்ணின் சிறகுகளோ பெரும்பாலான சிற்றினங்களில் தகட்டின் இரு ஓரங்களிலும் துளி துளியாகத் தெரியும், அல்லது முற்றிலும் மறைந்துவிடும். செர்கஸ் நுனியிலும் வேறுபாடு உண்டு: ஐசோஃபியாவில் வழக்கமாக ஒரே ஒரு கரும்பல், பீசிலிமோனின் பல சிற்றினங்களில் நுனியை ஒட்டிப் பற்கள் வரிசையாக இருக்கும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கு உண்டு. ஒற்றைப் பல் கொண்ட பீசிலிமோன்களும், பெண்ணின் சிறகுகள் ஓரளவு வெளித்தெரியும் பீசிலிமோன்களும் இருக்கின்றன. ஆகவே ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு முடிவு சொல்லாமல், தகடு, ஆணின் சிறகு, பெண்ணின் சிறகு, செர்கஸ் நுனி ஆகிய நான்கும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்கள் இணையில் நான்கும் பீசிலிமோன் பக்கமே சாய்கின்றன.

சிற்றினத்தைக் கண்டறிவது ஏன் கடினம் என்பதற்கு இப்பேரினத்தின் பரப்பே பாதி விடை. 1853-இல் பூச்சியியலாளர் ஃபிஷர் இப்பேரினத்தை நிறுவியபோது அறியப்பட்டிருந்தவை ஒரு சில மட்டுமே. இன்று 140-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இத்தாலி முதல் பால்கன், ஏஜியன் தீவுகள், அனத்தோலியா, காக்கசஸ் வழியாக ஈரானின் வடபகுதிவரை அவை பரவியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிரேக்கத்திலும் துருக்கியிலும் குவிந்திருப்பது தற்செயல் அன்று. பறக்க இயலாத பூச்சி. மண்ணில் முட்டையிட்டு, குளிர்காலத்தை முட்டையாகவே கழித்து, வெயில் ஏறியதும் முதிர்ந்து மடிவது. ஒரு மலைத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே காய்ந்த சமவெளியோ கடலோ இருந்தால், இருபுறத்துக் கூட்டங்களும் பிரிந்தவை பிரிந்தவையே. பீசிலிமோன் பரோஸ் போன்ற பெயர்களே ஏஜியன் தீவுகளை நினைவூட்டுகின்றன. கிரீட் தீவுக்கும் பீசிலிமோன் கிரெட்டென்சிஸ் என்று தனியே ஒன்று உண்டு.

இவற்றைத் தொகுக்கும் வேலையில் மூன்று கட்டங்களைக் காணலாம். புருன்னர் ஃபான் வாட்டென்வில் 1878-இல் ஃபெனரோப்டெரினே முழுமையையும் ஆராய்ந்தபோதும், ராமே 1933-இல் பீசிலிமோனை மட்டும் எடுத்துத் திருத்தியமைத்தபோதும், அவர்கள் கையில் இருந்தவை காய்ந்த அருங்காட்சியகப் படிவங்கள். காய்ந்த பச்சைப் பூச்சி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். ஆகவே நிறத்தைப் பெரிதாக நம்ப அவர்களுக்கு வழியில்லை, செர்கஸின் வடிவத்தையும் தகட்டின் அமைப்பையுமே நம்பினார்கள். அந்தக் கட்டாயம் நல்லதாகவே முடிந்தது என்று நினைக்கிறேன். இன்று உயிருள்ள பூச்சியின் வண்ணப்படத்தை வைத்திருக்கும் நாம்தான் கறுப்புக் கோட்டையும் ஊதாப் பட்டையையும் பார்த்து ஏமாறுகிறோம். ஒரே சரிவில், ஒரே சிற்றினத்தில், வயிற்றின் மேல் கரும்புள்ளி நிறைந்த பூச்சியும் ஏறத்தாழ வெறும் பச்சையான பூச்சியும் அருகருகே உட்கார்ந்திருக்கக் காணலாம்.

செர்கஸ் அப்படி மாறுவதில்லை. அது எவ்வளவு வளைகிறது, வளைவு அடியில் தொடங்குகிறதா நுனியருகிலா, நுனி கூரியதா தட்டையா, பற்கள் உள்விளிம்பில் மட்டுமா சுற்றியுமா என்பனவெல்லாம் ஒரு சிற்றினத்துக்குள் நிலையானவை. ஹமாட்டஸ் குழு செர்கஸின் கொக்கி வடிவத்தால் தனித்துத் தெரிகிறது. ஆர்னட்டஸ் குழு, ஜோனிக்கஸ் குழு, போஸ்போரிக்கஸ் குழு, லுஷானி குழு, காக்கசஸ் பகுதியின் ஹீரோயிக்கஸ் குழு என்று இன்று வழங்கும் சிற்றினக் குழுக்களுக்குச் செர்கஸும் முன்மார்புத் தகடும் ஆணின் சிறகும் சேர்ந்தே எல்லை வகுக்கின்றன. இந்தக் குழு என்பது விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி முறையான படிநிலை அன்று. இவ்வளவு பெரிய பேரினத்தைக் கையாள்வதற்கான நடைமுறை ஏற்பாடு. ஆனால் படத்தைப் பார்த்து அடையாளம் சொல்பவருக்கு மிகவும் பயனுள்ள படி அதுவே, ஏனெனில் நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை பல நேரங்களில் அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது கட்டம் ஒலியோடு வந்தது. 1980-களில் ஹெல்லர் இப்பேரினத்தின் பாடல்களைப் பதிவுசெய்து, அவற்றைக் கொண்டு உறவுமுறையை ஆராயத் தொடங்கினார். இடது சிறகின் அடிப்புறப் பல்வரிசையின்மீது வலது சிறகின் விளிம்பு உரசும்போது ஒலி எழுகிறது. சிறகு ஒருமுறை மூடும்போது எழும் துடிப்புத் தொடரை ஓர் அசை என்கிறோம். சில சிற்றினங்கள் ஓர் அசையோடு நிறுத்திவிட்டு இடைவெளி விடும்; சில அசைகளை அடுக்கிப் பாடும். தோற்றத்தில் பிரிக்கவே முடியாத இரண்டு கூட்டங்கள் ஒலியில் தெளிவாகப் பிரிவதுண்டு. ஆனால் இப்பாடல்களின் ஆற்றல் பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், மீயொலிப் பகுதியில் இருப்பதால், புல்வெளியில் நிற்கும் மனிதருக்கு மெல்லிய டிக் ஒலி கேட்டாலே அதிகம். வௌவால் ஆய்வுக்குப் பயன்படும் ஒலியறி கருவியே இங்கும் பயன்படுகிறது. கைபேசியில் பதிவுசெய்து அனுப்பலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வழக்கமான கைபேசிப் பதிவு நொடிக்கு 48,000 மாதிரிகளை எடுக்கிறது. அதனால் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் அது பதிவுசெய்ய முடியாது. அசைகளுக்கு இடையிலான நேரத்தை வேண்டுமானால் அதிலிருந்து ஓரளவு அளக்கலாம். அசையின் உள்ளமைப்பை அறிய நொடிக்கு 192,000 மாதிரிகளாவது எடுக்கும் மீயொலி ஒலிவாங்கி தேவை. அதோடு, பதிவு செய்யும் நேரத்து வெப்பநிலையைக் கட்டாயம் குறிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் பாடும் பூச்சியும் நண்பகலில் பாடும் பூச்சியும் ஒன்றேயானாலும் வேகம் வெவ்வேறாக இருக்கும். வெப்பநிலை குறிக்காத பதிவைக் கொண்டு இரண்டு சிற்றினங்களாகப் பிரித்துவிடும் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு.

ஒலியைப் பற்றிய பேச்சில் பெண்களை விட்டுவிட முடியாது. ஃபெனரோப்டெரினே பெண்கள் பலவும் ஆணின் அழைப்புக்கு மிகச் சிறிய ஒலியால் மறுமொழி தருகின்றன. அவற்றின் கருவி ஆணுடையதன்று: வலது சிறகின் மேற்பரப்பில் உள்ள நுண்முட்களை இடது சிறகின் விளிம்பு உரசுகிறது. மறுமொழி வரும் நேரம் மிகத் துல்லியமானது. லெப்டோஃபைஸ் பங்டாட்டிஸிமாவில் அது ஏறத்தாழ 30 மில்லிநொடி. அந்த நேர இடைவெளிக்கு வெளியே வரும் ஒலியை ஆண் பொருட்படுத்துவதில்லை. பீசிலிமோனிலும் பல சிற்றினங்களில் இந்த இருவழிப் பேச்சு உண்டு. ஆனால் கிரேக்கத்தில் வாழும் புரோபின்குவஸ் குழுவில் பெண்கள் ஊமைகள். மறுமொழி தருவதற்கு மாறாக, அவையே ஆணின் பாடலைப் பின்தொடர்ந்து நடந்து செல்கின்றன. உங்கள் பெண்ணின் முதுகில் சிறகே தெரியாததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு: பாட வேண்டிய தேவையும் நீங்கியபின் சிறகு மிஞ்சுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. பாடுவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கிரேக்கத்தில் தெரோபியா லியோனிடெய் என்ற ஒட்டுண்ணி ஈ, பாடும் ஆண்களை ஒலியைக் கொண்டே தேடிக் கண்டுபிடித்துத் தன் புழுக்களை அவற்றின் உடலில் சேர்க்கிறது. ஆகவே பாடலின் வடிவத்தை, பெண்கள் இணையைத் தேர்ந்தெடுப்பது மட்டுமல்லாமல் வேறு சக்திகளும் மாற்றக்கூடும். பாடலை உறவுமுறைக்குச் சான்றாக எடுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது கட்டம் மரபணு ஆய்வு. துருக்கி, பல்கேரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து இப்பேரினத்தின் பெரும்பகுதியை மரபணு வரிசைகளால் மறுபடி ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய குழுக்களில் பல அப்படியே நிலைத்தன, சில உடைந்தன. தகடு மேலெழும்புவது, சிறகு மேலும் குறுகுவது போன்ற தோற்ற மாற்றங்கள் தொடர்பற்ற கிளைகளில் தனித்தனியே நிகழக்கூடும் என்பதால், அவற்றை மட்டும் பார்த்து உறவு சொல்வது இடர் மிக்கது. பெயர்களின் தகுதியும் இப்படி ஏறி இறங்கியிருக்கிறது: 1921-இல் உவாரவ் தனிப் பேரினமாக அமைத்த பீசிலிமோனெல்லா, பின்னர் பீசிலிமோனுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. குரோமோசோம்கள் இங்கே அதிகம் உதவுவதில்லை; ஆய்வுக்கு உள்ளான சிற்றினங்கள் பெரும்பாலும் ஆணில் 31 என்ற ஒரே எண்ணிக்கையையே காட்டுகின்றன.

வகைப்பாட்டில் ஒரு வினோதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆணின் செர்கஸும் ஆணின் பாடலும்தான் அடையாளம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். பீசிலிமோன் இன்டர்மீடியஸில் ஆணே கிடையாது. அது கன்னி இனப்பெருக்கத்தால் பெண்களாகவே தொடர்வது. பேரினத்தின் மற்றவற்றில் பலவும் சிறு சிறு மலைப்பகுதிகளில் முடங்கியிருக்க, இது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவரை பரவியிருக்கிறது. அதற்கு மிக நெருங்கியது, ஆணும் பெண்ணும் உள்ள பீசிலிமோன் ஆம்ப்ளியேட்டஸ். பாடுவதற்கு ஆணில்லாத இன்டர்மீடியஸுக்கும் செவி இன்னும் வேலை செய்கிறது.

இனி உங்கள் படங்கள். ஆணின் மேற்புறப் படத்தில் செர்கஸ்கள் மெதுவாக உள்நோக்கி வளைவதும் நுனி கறுத்திருப்பதும் தெரிகின்றன. பற்களை எண்ணும் அளவுக்குக் கூர்மை இல்லை. தகட்டின் வடிவம், பெண்ணில் சிறகு முற்றிலும் மறைந்திருப்பது, இடம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் புரோபின்குவஸ் குழு என்று துணிந்து சொல்வேன். அக்குழுவின் சிற்றினங்கள் கிரேக்க நிலப்பரப்பைப் பெரும்பாலும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, எல்லைகளில் மட்டுமே சந்திக்கின்றன. ஆகவே இடம் இங்கே பாதி அடையாளம். நடுக் கிரேக்கத்தில் பீசிலிமோன் வெலுக்கியானஸ். தெசலியில் 1891-இல் புருன்னர் பெயரிட்ட பீசிலிமோன் தெசாலிக்கஸ். உங்கள் பூச்சி பின்னதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படத்தின் கீழ் எழுதுவதானால், ஆணுக்கு "பீசிலிமோன், புரோபின்குவஸ் குழு, தெசாலிக்கஸாக இருக்கலாம்" என்றும், பெண்ணுக்கு, இரண்டும் ஒரே செடியில் இருந்தன என்ற குறிப்போடு, குழுப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

மறுபடி அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால், ஆணை ஒரு கண்ணாடிக் குப்பியில் சில நிமிடங்கள் வைத்து நான்கு கோணங்களில் எடுத்தால் போதும்: மேலிருந்து செர்கஸ்கள் மட்டும் திரையை நிரப்பும்படி ஒன்று, வயிற்று நுனியின் கீழ்த்தகடு தெரியும்படி அடியிலிருந்து ஒன்று, தகடும் சிறகும் சேரும் இடம் பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னிருந்து சற்றே சாய்வாகச் சிறகின் நரம்பு தெரியும்படி ஒன்று. பெண்ணில் முட்டையிடும் உறுப்பின் பக்கவாட்டுப் படமும், அதன் அடிப்பகுதியின் அண்மைப்படமும் தேவை. கடல் மட்டத்திலிருந்து உயரம், சரிவின் பெயர், வெப்பநிலை ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பூச்சியைப் பிடித்த செடியிலேயே விட்டுவிடலாம். படிவமாகச் சேகரிப்பதானால் அந்நாட்டு அனுமதி வேண்டும்.